டார்க் ஏறிய காருக்கு எந்த கிளட்ச்?

நான்காவது கியர், 2,500 ஆர்பிஎம். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கிறீர்கள். டர்போ ஊதத் தொடங்கிய நொடியில் எஞ்சின் சுழற்சியைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் துள்ளி 3,500-க்குப் போகிறது. வேகமானி முள் இருந்த இடத்திலேயே நிற்கிறது. கிளட்ச் வழுக்குகிறது; எஞ்சின் கூட்டிய வேகம் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. காலைத் தளர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும். கொஞ்ச நேரம் கழித்துக் கருகிய வாடை உள்ளே வரும். ரீமேப் செய்த, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் நிரலை மாற்றி டார்க் (முறுக்குவிசை) கூட்டிய காரில் பலரும் கிளட்ச்சைப் பற்றி முதன்முதலாக யோசிப்பது அந்த வாடை வந்த பிறகுதான். நானும் அப்படித்தான்.

சரி, மாற்றுவோம் என்று தேட ஆரம்பித்தால் தலை சுற்றும். ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2, கெவ்லர், செராமிக், ஆறு பக், ட்வின் பிளேட், லைட்வெயிட் ஃப்ளைவீல் என்று வரிசை நீளும். விற்பவர் எதைக் காட்டினாலும் "இது நல்லா பிடிக்கும்" என்பார். பொய் இல்லை, எல்லாமே பிடிக்கும். ஆனால் பிடிப்பதற்கு ஒவ்வொன்றும் ஒரு கூலி கேட்கிறது. ஒன்று இடது காலிடம் கேட்கும், ஒன்று ட்ராஃபிக்கில் நம் பொறுமையிடம் கேட்கும், இன்னொன்று கியர்பாக்ஸிடம் கேட்கும். எந்தக் கூலியை நம்மால் தினமும் கொடுக்க முடியும் என்று பார்த்து வாங்குவதுதான் என் வழி. அதை நான் தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

ஏன் நான்காவது கியரில் மட்டும் வழுக்குகிறது என்று ஒரு சந்தேகம் வரலாம். கிளட்ச்சுக்கு வருவது எஞ்சின் டார்க் மட்டும்தான். கியர்கள் அதைப் பெருக்குவது கிளட்ச்சைத் தாண்டிய பிறகு. அப்படியென்றால் முதல் கியரும் நான்காவதும் கிளட்ச்சுக்கு ஒன்றுதானே? ஒன்றில்லை. கீழ் கியர்களில் எஞ்சின் மளமளவென்று ஏறிவிடுகிறது. டர்போ முழு அழுத்தம் கட்டுவதற்குள் ரெவ் முடிந்துவிடும். டார்க்கில் ஒரு பங்கு எஞ்சினையும் அதன் முனையில் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலையும் வேகப்படுத்தவே செலவாகிறது. மேல் கியரில் எஞ்சின் மெதுவாக ஏறுவதால் உச்ச டார்க்கில் பல நொடிகள் நிற்கும். கிளட்ச்சின் குட்டு அங்கேதான் வெளிப்படும்.

பணத்தை எடுக்கும் முன் இன்னொன்று. வழுக்கலுக்கெல்லாம் பலவீனமான கிளட்ச் காரணம் இல்லை. எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து, கிளட்ச் பிளேட்டின் உராயும் மேற்பூச்சான லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம். கேபிள் கிளட்ச் என்றால் ஃப்ரீ பிளே என்ற சிறு தளர்வு இல்லாமல் இறுக்கி வைத்திருக்கலாம். ஹைட்ராலிக் என்றால் மாஸ்டர் சிலிண்டர் முழுதாகத் திரும்பாமல் லேசாக அழுத்திக்கொண்டே இருக்கலாம். சில கார்களில் கிளட்ச் லைனில் எண்ணெய் ஓட்டத்தைத் தடுத்து மெதுவாக்கும் ஒரு சின்ன வால்வு உண்டு. வேகமாக கியர் மாற்றும்போது வரும் வழுக்கலுக்கு அதுகூடக் காரணமாகலாம். இவற்றைப் பார்க்காமல் புது கிளட்ச் போட்டால் புது கிளட்ச்சும் வழுக்கும்.

நான்கு எண்கள்

ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க் தாங்கும் என்பது நான்கு எண்களின் பெருக்கல்: பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு நெருக்கிப் பிடிக்கும் தகடு) அழுத்தும் விசை, லைனிங்கின் உராய்வுக் கெழு, லைனிங்கின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. சாதாரண ஒற்றை பிளேட்டில் முகங்கள் இரண்டு. ஒன்று ஃப்ளைவீலில் உராய்கிறது, மற்றது பிரஷர் பிளேட்டில்.

225 மிமீ வெளிவிட்டமும் 150 மிமீ உள்விட்டமும் கொண்ட ஒரு பிளேட்டை எடுத்துக்கொள்வோம். சராசரி ஆரம் ஏறக்குறைய 94 மிமீ. உராய்வுக் கெழு 0.3, அழுத்தும் விசை 5,000 நியூட்டன் என்று வைத்தால் 280 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. எஞ்சின் 200 நியூட்டன் மீட்டர் தருகிறது என்றால் 1.4 மடங்கு கையிருப்பு. கம்பெனியில் இருந்து வரும் கார்களில் இந்த மாதிரிக் கையிருப்பு இருப்பதால்தான் லேசான ட்யூனிங்கை ஒரிஜினல் கிளட்ச்சே தாங்கிவிடுகிறது. அதே எஞ்சினை ரீமேப் செய்து 280-க்குக் கொண்டுபோனால் கையிருப்பு தீர்ந்தது. புது லைனிங்காக இருந்தால் குளிர்ந்த நிலையில் பிடிக்கும், சூடேறியதும் வழுக்கும், வழுக்கினால் மேலும் சூடேறும். அப்புறம் அந்தச் சுழலில் இருந்து அது மீள்வதில்லை.

இந்தக் கணக்கில் லைனிங்கின் பரப்பளவு எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? "பெரிய லைனிங், அதிகப் பிடி" என்று பலர் நம்புகிறார்கள். பரப்பு கூடினால் தேய்மானம் குறையும், சூடு பரவும், பிடி கூடாது. சின்னச் சின்னத் துண்டுகளாக லைனிங் வைத்த பக் பிளேட்டுகள் முழு வட்ட லைனிங்கைவிட அதிக டார்க் தாங்குவதற்குக் காரணம் அவற்றின் பொருள்தான்.

ஆரத்தைக் கூட்டுவது நல்ல வழி, ஆனால் இடம் இருந்தால்தானே. 225 மிமீ பிளேட்டுக்குப் பதில் 240 மிமீ வைத்தால், உள்விட்டம் 160 ஆனாலும் சராசரி ஆரம் 100 மிமீ ஆகும். ஏறக்குறைய 7 சதவீதம் இலவசமாகக் கிடைக்கிறது. சில கார்களில் அதே எஞ்சின் குடும்பத்தின் பெரிய மாடலில் வரும் கிளட்ச்சும் ஃப்ளைவீலும் நேராகப் பொருந்திவிடும். பாகங்களின் எண்களைப் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். என் கணக்கில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். ஒரிஜினல் தரம், ஒரிஜினல் சத்தம், ஒரிஜினல் பெடல். கூடுதல் பிடியை வெளியில் யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ளலாம். இதில் பெருமையடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்பதால் யாரும் இதை விளம்பரப்படுத்துவதில்லை.

மீதி மூன்று எண்களில்தான் சந்தை முழுக்க ஓடுகிறது.

அழுத்தத்தைக் கூட்டுவது

கெட்டியான டயாஃப்ரம் ஸ்பிரிங் வைத்த பிரஷர் பிளேட், அதோடு ஒரிஜினல் வகை ஆர்கானிக் லைனிங். பொதுவாக ஸ்டேஜ் 1 என்ற பெயரில் விற்கப்படுவது இதுதான். மேலே போட்ட கணக்கில் விசையை 30 சதவீதம் கூட்டினால் 366 நியூட்டன் மீட்டர் வரும். 280 தரும் எஞ்சினுக்கு 1.3 மடங்கு கையிருப்பு, தாராளம்.

இதன் பெரிய நன்மை, கிளட்ச் பிடிக்கும் விதம் மாறாது. ஹாஃப் கிளட்ச்சில் நகர்த்தலாம், மேட்டில் நிறுத்தி எடுக்கலாம், காரில் இருப்பவர்களுக்கு எதுவும் மாறியதே தெரியாது. தெரிவது உங்கள் இடது காலுக்கு மட்டும். அரை மணி நேரம் நகர்ந்து நகர்ந்து போகும் ட்ராஃபிக்கில் முழங்காலுக்குக் கீழே ஒரு நடுக்கம் வரும். சில தயாரிப்பாளர்கள் நெம்புகோலின் ஊன்றுபுள்ளியை நகர்த்திப் பெடலை லேசாக்கி விடுகிறார்கள். அதற்கும் விலை உண்டு: பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட் விலகும் தூரம் குறைகிறது. ஹைட்ராலிக்கில் கொஞ்சம் காற்று இருந்தாலோ கேபிள் நீண்டிருந்தாலோ கிளட்ச் முழுதாக விடாது, ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று இரையும்.

காலைத் தவிர இன்னும் இரண்டு இடங்களில் பாரம் விழுகிறது. ரிலீஸ் ஃபோர்க், கேபிள் அல்லது ஸ்லேவ் சிலிண்டர் ஒன்று. கிராங்க்கின் த்ரஸ்ட் பேரிங் இன்னொன்று. பெடலை மிதிக்கும்போதெல்லாம் அந்த விசை கிராங்க்கை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. எஞ்சின் ஓடும்போது எண்ணெய்ப் படலம் இருப்பதால் பரவாயில்லை. ஸ்டார்ட் செய்யும் அந்த ஓரிரு நொடியில் எண்ணெய் அழுத்தம் இன்னும் வரவில்லை. கெட்டியான பிரஷர் பிளேட் போட்டவர்கள் கியரை நியூட்ரலில் வைத்து, பெடலை மிதிக்காமல் ஸ்டார்ட் செய்வது நல்லது. பெடல் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் கார்களில் இந்த வசதி இல்லை. சிக்னலில் கிளட்ச்சை மிதித்தே நிற்கும் பழக்கத்தையாவது விடலாம்.

எத்தனை மடங்கு வரை போகலாம் என்றால், ஒரிஜினல் விசையைவிட 30, 40 சதவீதத்துக்கு மேல் கூட்டிய பிரஷர் பிளேட்டைத் தினசரி ஓட்டும் காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு மேல் வேண்டுமென்றால் அடுத்த எண்ணுக்குப் போவது நல்லது.

உராய்வைக் கூட்டுவது

இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். ஏமாற்றுகிறவர் யாரும் இல்லை, நாமேதான்.

ஆர்கானிக் என்பது நார்களும் ரெசினும் உலோகத் துணுக்குகளும் சேர்த்து அழுத்திய கலவை. மென்மையாகப் பிடிக்கும், பெரும்பாலும் சத்தம் போடாது, ஒரு தடவை சூடேறிப் போனாலும் ஆறவிட்டால் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடும். திரும்பத் திரும்பக் கொடுமைப்படுத்தினால் மட்டும் தாங்காது.

கெவ்லர் என்று விற்கப்படும் அராமிட் லைனிங் நீடித்து உழைக்கும். கெவ்லர் இழையை 1965-இல் டுபான்ட் ஆய்வகத்தில் ஸ்டெஃபனி க்வோலெக் கண்டுபிடித்தபோது டயருக்கான இலகுவான இழையைத்தான் தேடிக்கொண்டிருந்தார். கிளட்ச்சில் அதன் பிடி ஆர்கானிக்கைவிடப் பிரமாதமாகக் கூடிவிடாது. பெயரைப் பார்த்து அதிகப் பிடியை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். தேய்மானம் மிகக் குறைவு, பிடிக்கும் விதமும் ஆர்கானிக்குக்குப் பக்கத்தில் இருக்கும். ஆனால் இரண்டு வீம்புகள் உண்டு. பழக்கும் காலம் நீளம். அந்தக் காலத்தில் வழுக்கினாலும் பொறுத்துக்கொண்டு மெதுவாக ஓட்ட வேண்டும். ஒருமுறை நன்றாகக் கருகிவிட்டால் மேற்பரப்பு கண்ணாடி போலாகி, ஆர்கானிக்கைப் போல் திரும்பி வராது. நிதானமாக ஓட்டுபவருக்கு நல்ல தேர்வு. நிதானமாக ஓட்டுபவர் எதற்குக் கிளட்ச்சை மாற்றுகிறார் என்பது வேறு கேள்வி.

அடுத்தது செராமிக். பெயர்தான் செராமிக்; உண்மையில் செம்பு, இரும்பு, கிராஃபைட் போன்றவற்றின் பொடிகளைச் சூட்டில் கெட்டிப்படுத்திய உலோகக் கலவை. உராய்வுக் கெழு 0.4 என்று வைத்துக்கொண்டால், நம் உதாரண கிளட்ச் அதே ஸ்பிரிங்கிலேயே 375 நியூட்டன் மீட்டரைத் தொடும். சூட்டுக்கு அஞ்சாது. பெடலும் கனக்காது. காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல பேரம் இல்லை.

அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் நான் விழுந்தேன். ரீமேப் செய்த என் சின்ன டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக்கில் ஆறு பக் செராமிக் பிளேட் போட்டேன். முதல் நாள் திறந்த சாலையில் சொர்க்கம். எந்த கியரில் மிதித்தாலும் முள்ளும் வேகமும் கட்டிப் போட்ட மாதிரி சேர்ந்தே ஏறின. மறுநாள் காலை ட்ராஃபிக். நகர்த்த வேண்டியது ஆறடி தூரம்; பெடலை மெல்ல விடுகிறேன், ஒன்றும் நடக்கவில்லை, இன்னும் ஒரு நூல் விடுகிறேன், கார் முயல் மாதிரி குதித்து உதறுகிறது. பின்னால் இருப்பவர் ஹாரன் அடிக்கிறார், ஓட்டத் தெரியாதவன் என்று நினைத்திருப்பார். மேட்டில் ரிவர்ஸ் எடுப்பது தினசரித் தேர்வு ஆனது. உதறலைத் தவிர்க்க ரெவ்வைக் கூட்டி எடுக்கப் பழகினேன், அது சூட்டைக் கூட்டியது, ஃப்ளைவீல் முகத்தில் நீலத் திட்டுகள் வந்தன, அவை உதறலை மேலும் கூட்டின. ஒன்றரை வருடத்தில் கழற்றிவிட்டு, முழு வட்ட ஆர்கானிக்கும் கெட்டியான பிரஷர் பிளேட்டும் போட்டேன். கழற்றிய பிளேட்டில் லைனிங் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. தேய்ந்தது ஃப்ளைவீல்தான்.

இதற்குக் காரணம் பொருள் மட்டும் இல்லை. சாதாரண பிளேட்டில் இரண்டு லைனிங்குகளுக்கு நடுவில் அலையலையான மெல்லிய ஸ்பிரிங் தகடு ஒன்று இருக்கும். பெடலை விடும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக அமுங்குவதால்தான் பிடி படிப்படியாக ஏறுகிறது. பல பக் பிளேட்டுகளில் இந்தத் தகடு கிடையாது, அல்லது மிகக் கெட்டி. ஆகவே பெடலின் பயணத்தில் 'பிடிக்கவில்லை' என்பதற்கும் 'பிடித்துவிட்டது' என்பதற்கும் நடுவில் இடமே இருப்பதில்லை. ஆறு பக், நான்கு பக், மூன்று பக் என்று எண்ணிக்கை குறையக் குறைய இது இன்னும் மோசம்.

நடுவில் உள்ள ஹப்பையும் பார்க்க வேண்டும். சுருள் ஸ்பிரிங்குகள் வைத்த ஹப், எஞ்சினின் துடிப்பையும் கிளட்ச் பிடிக்கும் அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்கிறது. ஸ்பிரிங் இல்லாத கெட்டி ஹப் இலேசானது, உடையாது, பந்தயத்துக்கு ஏற்றது. சாலையில் அந்த அதிர்ச்சி முழுதும் கியர்பாக்ஸுக்கும் ஆக்ஸிலுக்கும் போகிறது. கிளட்ச் வழுக்குவது நமக்கு எரிச்சல். ஆனால் அந்தச் சின்ன வழுக்கலால்தான் சில கியர்கள் பல் தப்பியிருக்கின்றன. ஃப்யூஸுக்குப் பதில் தடிமனான கம்பியைச் சுற்றிவைத்த கதைதான். கெட்டி ஹப்பும் பக்கும் சேர்த்துப் போடுகிறவர் அடுத்த பலவீனமான பாகம் எது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு. ட்ராக் நாட்களுக்கு மட்டும் வெளியே எடுக்கும் கார் என்றால் நான் சொன்ன குறையெல்லாம் குறையே இல்லை. அங்கே ஒரு நாளைக்குச் சில தடவைதான் நின்ற இடத்தில் இருந்து கிளம்புகிறீர்கள். பக் பிளேட்டின் எடை குறைவு என்பதால் கியர் மாற்றும்போது, கியர்களின் வேகத்தை ஒன்றாக்கும் சின்க்ரோவுக்கு வேலையும் குறைவு.

சூடு: கணக்கில் வராத ஐந்தாவது எண்

டார்க் தாங்குவது வேறு, சூடு தாங்குவது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் 400 நியூட்டன் மீட்டர் என்று எழுதிய கிளட்ச், 300 தரும் காரில் கருகுகிறது.

1,400 கிலோ காரை நின்ற இடத்தில் இருந்து எடுக்கிறீர்கள். கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் வரை எஞ்சின் வேகம் மாறாமல் இருந்தால், கார் பெறும் இயக்க ஆற்றலுக்குச் சமமான அளவு ஆற்றல் கிளட்ச்சில் சூடாகிறது. முதல் கியரில் 15 கிமீ வேகத்தில் பிடித்தால், அதாவது சுமார் 1,850 ஆர்பிஎம்மில் எடுத்தால், 12 கிலோஜூல். 3,700 ஆர்பிஎம்மில் எடுத்து 30 கிமீ வேகத்தில் பிடித்தால் 49 கிலோஜூல். ரெவ் இரண்டு மடங்கு, சூடு நான்கு மடங்கு. ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும் சேர்ந்து 8 கிலோ வார்ப்பிரும்பு என்றால் இந்த 49 கிலோஜூல் அவற்றின் சராசரி வெப்பநிலையை 12 டிகிரி ஏற்றும். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கிறது. ஆனால் உராயும் மேற்பரப்பு அந்த நொடியில் இந்தச் சராசரியைவிட மிக அதிகமாகச் சூடாகிறது; நண்பர்களுக்குக் காட்ட அடுத்தடுத்துப் பத்து தடவை எடுத்தால் ஆறுவதற்கும் நேரமில்லை.

ஆகவே உங்கள் கார் டார்க்கால் வழுக்குகிறதா, சூட்டால் வழுக்குகிறதா என்று பிரித்துப் பாருங்கள். நான்காவது கியரில் மிதிக்கும்போது வழுக்கினால் அழுத்தமோ உராய்வோ முகங்களோ போதவில்லை. நின்ற இடத்தில் இருந்து வேகமாக எடுத்த பிறகு மட்டும் வழுக்கினால் கிளட்ச்சைவிட எடுக்கும் விதத்தை மாற்றுவது மலிவு.

முகங்களைக் கூட்டுவது

ட்வின் பிளேட். இரண்டு பிளேட்டுகள், நடுவில் ஒரு மிதக்கும் தகடு, நான்கு முகங்கள். அதே ஸ்பிரிங், அதே லைனிங், டார்க் இரண்டு மடங்கு. நம் உதாரணத்தில் 560-ஐத் தாண்டும். அவ்வளவு வேண்டாம் என்றால் ஸ்பிரிங்கை இலேசாக்கிப் பெடலை ஒரிஜினலைப் போலவே வைத்துக்கொள்ளலாம். மென்மை, லேசான பெடல், பெரிய டார்க் மூன்றும் ஒன்றாக வேண்டுமென்றால் ஆர்கானிக் லைனிங் வைத்த ட்வின் பிளேட்தான் வழி.

கூலி பெரும்பாலும் பணம். பொருந்தும் ஃப்ளைவீலோடு செட்டாகவே வருவதால் மற்றவற்றைவிட விலை வெகுவாக ஏறும். இன்னொன்று சத்தம்: பெடலை மிதித்து நிற்கும்போது நடுத்தகடு தளர்ந்து கலகலவென்று ஆடும். மெல்லிய பட்டைகளால் தகட்டைக் கட்டிவைத்த வகைகளில் இது குறைவு. இரண்டு பிளேட்டுகளின் எடை கியர்பாக்ஸ் ஷாஃப்டில் சேர்வதால் சின்க்ரோக்கள் கூடுதலாக உழைக்க வேண்டும். வேகமாக கியர் மாற்றினால் கை அதை உணரும். டார்க் ஒன்றரை மடங்கைத் தாண்டாத காருக்கு இது வீண்.

ஃப்ளைவீலைத் தொடலாமா?

கியர்பாக்ஸை இறக்கிய கையோடு ஃப்ளைவீலையும் மாற்றிவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். இலேசான ஃப்ளைவீல் கிளட்ச்சின் பிடியைக் கூட்டாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது செய்வது வேறு. விளிம்பில் இருந்து 4 கிலோ குறைத்தால் முதல் கியரில் காரின் எடையில் 100 கிலோ குறைந்த மாதிரி இருக்கும். மொத்த கியர் விகிதம் 14, டயர் ஆரம் 30 செமீ என்று வைத்துப் போட்ட கணக்கு இது. ஐந்தாவது கியரில் அதே 4 கிலோவின் பலன் வெறும் 6 கிலோ. விகிதத்தின் வர்க்கத்தோடு மாறுவதால் இப்படி. முதல் இரண்டு கியர்களின் சுகத்துக்காக ஐடிலில் நடுக்கம், கிளம்பும்போது எஞ்சின் அணைவது, நியூட்ரலில் கியர்பாக்ஸ் சலசலப்பு எல்லாம் வரும். சூட்டைத் தேக்கிவைக்கும் இரும்பும் குறைகிறது. மேலே பார்த்த 8 கிலோ பாதியானால் 12 டிகிரி 24 ஆகும்.

டூயல் மாஸ் ஃப்ளைவீல் உள்ள கார்களில் விஷயம் இன்னும் நுட்பமானது. 1985-இல் லுக் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த இந்த வகையில் ஃப்ளைவீல் இரண்டாகப் பிரிந்து, நடுவில் நீண்ட வளைந்த ஸ்பிரிங்குகள் எஞ்சினின் துடிப்பை விழுங்குகின்றன. ரீமேப் செய்து டார்க் ஏறியதும் குறைந்த ஆர்பிஎம்மில் அழுத்தி மிதித்தால் இந்த ஸ்பிரிங்குகள் கடைசி வரை அமுங்கி மோதும். கொஞ்ச நாளில் கடகடப்பு. உடனே ஒற்றை ஃப்ளைவீலுக்கு மாறச் சொல்வார்கள். பெட்ரோல் காரில், நல்ல, நீண்ட தூரம் அமுங்கும் ஸ்பிரிங் வைத்த பிளேட்டோடு, மாறலாம். டீசலில் நான் மாற மாட்டேன். டீசலின் துடிப்பு மோசமானது. அதை விழுங்க ஆள் இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் பேரிங்கும் கியர்களும் விழுங்க வேண்டும். புது டூயல் மாஸ் போட்டு, ட்யூனரிடம் சொல்லி 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கைக் கொஞ்சம் அடக்கச் சொல்வது புத்திசாலித்தனம். கிளட்ச்சுக்கும் அது நல்லது. சொல்லப்போனால் சிலருக்கு அந்த ஒரு மாற்றமே போதும், கிளட்ச் வாங்கவே வேண்டாம்.

அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பது

ஸ்டேஜ் எண்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. ஒருவரின் ஸ்டேஜ் 2 இன்னொருவரின் ஸ்டேஜ் 3 ஆக இருக்கும். பார்க்க வேண்டியது மூன்று: எத்தனை டார்க் தாங்கும், லைனிங் எது, ஹப்பில் ஸ்பிரிங் உண்டா. டார்க் எண் பவுண்ட்-அடியில் இருந்தால் 1.356 ஆல் பெருக்குங்கள். அது எஞ்சினில் அளந்த டார்க்கா, சக்கரத்தில் அளந்ததா என்றும் கேளுங்கள். டைனோ என்ற சோதனைக் கருவியில் வந்த சக்கர எண்ணை வைத்துக்கொண்டு எஞ்சின் எண்ணுக்கு மதிப்பிட்ட கிளட்ச்சை வாங்கினால் கையிருப்பு காணாமல் போகும். குதிரைத்திறனை வைத்துக் கிளட்ச் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. கிளட்ச்சுக்குக் குதிரைத்திறன் தெரியாது, டார்க் மட்டும்தான் தெரியும்.

பழைய பிளேட்டிலேயே வேறு லைனிங் ரிவெட் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அதிக ஆர்பிஎம்மில் ஓட்டும் காருக்கு வேண்டாம். சுழற்சியில் லைனிங் பிய்த்துக்கொண்டால் கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கையே உடைக்கும்.

இதையெல்லாம் வைத்து நான் எப்படித் தேர்ந்தெடுப்பேன்? தினமும் ஓட்டும், ரீமேப் மட்டும் செய்த கார் என்றால் பெரிய மாடலின் கிளட்ச் பொருந்துமா என்று முதலில் தேடுவேன், இல்லாவிட்டால் கெட்டியான பிரஷர் பிளேட்டும் ஆர்கானிக்கும். பெரிய டர்போ போட்டு டார்க் ஒன்றரை மடங்கைத் தாண்டிய, ஆனால் குடும்பமும் ஏறும் கார் என்றால் காசு சேர்த்து ஆர்கானிக் ட்வின் பிளேட். காசு சேரும் வரை ட்யூனிங்கை அடக்கி வைப்பேன். ஒரு பக்கம் ஆர்கானிக், மறுபக்கம் செராமிக் வைத்த கலப்பு பிளேட்டுகளும் கிடைக்கின்றன. வார இறுதியில் ட்ராக், வார நாளில் அலுவலகம் என்று இருப்பவருக்கு அது பரவாயில்லை, ட்ராஃபிக் குறைவான பாதையாக இருந்தால். பக்கும் கெட்டி ஹப்பும் ட்ரெய்லரில் ஏறிப் போகும் காருக்கு.

எதை வாங்கினாலும் கியர்பாக்ஸை இறக்கும் கூலி ஒன்றுதான். ஆகவே ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல், ஃபோர்க்கின் ஊன்றுகுமிழ், ஃப்ளைவீல் போல்ட்டுகள் எல்லாவற்றையும் கையோடு மாற்றிவிடுங்கள். பழைய ஃப்ளைவீலையே வைப்பதாக இருந்தால் முகத்தை மெஷின் பண்ணிச் சமப்படுத்த வேண்டும். டூயல் மாஸில் பொதுவாக அது முடியாது. பிளேட் நகரும் ஷாஃப்டின் பல்வெட்டான ஸ்ப்ளைனில் கிரீஸ் மெல்லிய பூச்சாக மட்டும். அதிகமானால் சுழற்சியில் தெறித்து லைனிங்கில்தான் போய்ச் சேரும்.

அப்புறம் பழக்குவது. முழு வட்ட லைனிங்குக்குத் தயாரிப்பாளர்கள் பலரும் சொல்வது 800 கிலோமீட்டர், கெவ்லருக்கு அதைவிட அதிகம். ஹைவேயில் ஒரே ஓட்டமாக ஓடிய 800 கிலோமீட்டர் கணக்கில் வராது, ஏனென்றால் அங்கே கிளட்ச் உராய்வதே இல்லை. நின்று நின்று எடுக்கும் நகர ஓட்டம்தான் லைனிங்கையும் ஃப்ளைவீலையும் ஒன்றோடொன்று படிய வைக்கிறது. முடிந்தால் ட்யூனரிடம் பழைய ஒரிஜினல் மேப்பை அதுவரைக்கும் ஏற்றித் தரச் சொல்லுங்கள். கால் சும்மா இருக்காது.